மேலாளரைப் பார்த்துக் கத்தக் கூடாது

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தச் சிங்கம் தலைமையகத்தில் இருந்தது. தலைமையகம் மலைக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து உத்தரவுதான் வரும், சிங்கம் வராது. அதனால் இந்தக் கதையை இந்தப் பக்கம் இருந்தவர்களை வைத்தே சொல்லி முடித்தாக வேண்டும்.

இந்தப் பக்கம் ஓடைக்கரையில் ஓர் எச்சரிக்கை அலுவலகம் இருந்தது. ஆபத்து வந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. முத்துக்கருப்பன் என்ற கருமந்தி மரத்து உச்சியில் உட்கார்ந்து தூரத்தைப் பார்ப்பான். கோமளம் என்ற புள்ளிமான் புல்வெளியில் நின்று மூக்கைத் தூக்கி வாடை பிடிப்பாள். தரையில் ஓடித் திரிந்து பார்த்துச் சொல்வது தங்கபுஷ்பம் என்ற ஆட்காட்டிக் குருவி. மூன்று பேரில் தொண்டை பெரிது அவளுக்குத்தான். "டிட்டிட்டீ!" என்று ஒரு தடவை கத்தினால் போதும், அந்த வட்டாரத்தில் மேய்கிற வாயெல்லாம் அப்படியே நின்றுவிடும்.

தங்கபுஷ்பத்துக்கு வேலையோடு வீடும் கொடுத்திருந்தார்கள். ஓடைக்கு நடுவே ஒரு கூழாங்கல் மேடு. வீடு என்றதும் கூரை, சுவர் எல்லாம் கேட்காதீர்கள். கூடு கட்டுகிற பழக்கமே ஆட்காட்டிகளுக்குக் கிடையாது. நாலு கல்லை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் முட்டை போட்டுவிடும். அப்போது அவளுக்கு நாலு முட்டை. புருஷன் பக்கத்து ஏரிக் கிளையில் வேலை பார்த்தான், லீவு கிடைத்தால் வருவான். மத்தியான வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாதே என்று, சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய், வயிற்று இறகை ஓடையில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருவாள். வேலை போனால் மேடு போய்விடும். மேடு போனால் நாலு முட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க அவளுக்குக் கையா இருக்கிறது? இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவளைத் திட்டத் தோன்றும்போது உதவும்.

பழைய மேலாளர் ஒரு யானை. அதிகம் பேச மாட்டார். தினம் காலையில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வார். ஆலமரத்துக்கு அப்பால் எந்தக் காலத்திலோ யானை பிடிக்க வெட்டிய குழி ஒன்று இருந்தது. மேலே கொடியும் சருகும் மூடிக் கிடக்கும். "வேற எதுல கோட்டை விட்டாலும் பரவாயில்ல. அந்தக் குழிப் பக்கம் யார் போனாலும் கத்திடுங்க," என்பார். அவருடைய தாய்மாமன் விழுந்த குழி அது. அவர் ஓய்வுபெற்றுப் போகிற அன்றும் அதையேதான் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் இடத்துக்குச் சுந்தரவதனம் என்ற சிறுத்தையைத் தலைமையகம் நியமித்தது. "எச்சரிக்கைத் துறையோடு நீண்ட காலத் தொடர்பு உடையவர்" என்று காரணமும் சொல்லியிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, உண்மைதான். அதுவரை அந்த அலுவலகம் கத்திய கத்தலில் முக்கால்வாசி அவரைப் பார்த்துத்தான்.

முதல் நாள் காலை புது மேலாளர் ஓடைக்கரைக்கு நடந்து வந்தார். முத்துக்கருப்பன் உச்சிக் கிளையிலிருந்து கக்கிக் கக்கி இருமினான், மந்திகள் எச்சரிப்பது அப்படித்தான். கோமளம் காலால் தரையை உதைத்துக் கூவினாள். தங்கபுஷ்பம் எழும்பிப் பறந்து, அவர் தலைக்கு மேலேயே வட்டமடித்து, தொண்டை கிழியக் கத்தினாள். காடு காலி. மாலையோடு காத்திருந்த முயல் மாலையைக் கீழே போட்டுவிட்டு வளைக்குள் போய்விட்டது.

சுந்தரவதனம் கீழே கிடந்த மாலையை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டார். முகம் வாடிப்போயிற்று.

"யாரைப் பார்த்துக் கத்துனீங்க?"

"உங்களைத்தான் சார்," என்றாள் தங்கபுஷ்பம்.

"நான் யாரு?"

"சிறுத்தை சார்."

"அதுக்கு முன்னாடி?"

தங்கபுஷ்பம் யோசித்துப் பார்த்தாள். "பசியோட இருக்கிற சிறுத்தையா சார்?"

"மேலாளர்மா! உங்க மேலாளர்!" அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "நாமெல்லாம் ஒரு குடும்பம். அப்பா வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க இப்படியா அலறும்?"

"அது அப்பாவைப் பொறுத்தது," என்று மரத்து மேலே முத்துக்கருப்பன் முணுமுணுத்தான்.

சுந்தரவதனம் அங்கேயே உத்தரவு போட்டார். மேலாளர் சம்பந்தமாக இனி யாரும் கத்தக் கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. கத்தினால் வேலை போகும், வீடும் போகும்.

தங்கபுஷ்பம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், தப்பா நினைக்கக் கூடாது. உங்களைப் பார்த்துக் கத்தலைன்னா, வேற எதைப் பார்த்து நாங்க கத்தறது?"

"சபாஷ்! கத்தறதுக்கு ஒண்ணுமே இல்லாத காடு. அதுதாம்மா என் லட்சியம்."

கோமளத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மேலாளர் அந்தப் பக்கம் போனதும் தங்கபுஷ்பத்திடம் சொன்னாள். "என்ன தங்கமான மனசுக்கா! யானை சார் ஒரு நாளாவது நம்மளைக் குடும்பம்னு சொல்லியிருக்காரா?"

"சொன்னதில்லடி. ஆனா அவர் புல்லு தின்கிறவர்."

"உனக்கு எப்பவும் சந்தேகம்தான். நாம நம்பினாத்தானேக்கா அவங்களும் நம்மளை நம்புவாங்க?"

அவள் நல்ல பெண். சின்ன வயது. யார் சிரித்தாலும் திருப்பிச் சிரித்துவிடுவாள். தங்கபுஷ்பம் இறகை நனைக்க ஓடைக்குப் போனாள்.

உத்தரவு போட்ட பிறகும் அலுவலகத்தில் ஒரு பதற்றம் இருந்துகொண்டேதான் இருந்தது. மேலாளர் கொட்டாவி விட்டால் ஊழியர்கள் மூன்று பேரும் துள்ளினார்கள். இது சரிப்படாது, நம்பிக்கை தானாக வளராது, பயிற்சி கொடுத்து வளர்க்க வேண்டும் என்று சுந்தரவதனம் முடிவு பண்ணினார். பயிற்சியாளராக மதுரவாணி என்ற குயில் வந்தது. ஒரு பயிற்சிக்கு ஒரு பொட்டலம் கம்பளிப்பூச்சி கூலி.

மதுரவாணி மேடம் மாமரக் கிளையில் உட்கார்ந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

"எங்க குடும்பமே நம்பிக்கையில வளர்ந்த குடும்பம். நான் முட்டையா இருக்கும்போதே எங்கம்மா என்னை ஒரு காக்கா வீட்டுல நம்பி விட்டுட்டுப் போனாங்க. திரும்பிப் பார்க்கவே இல்ல. அவ்வளவு நம்பிக்கை!"

"அந்தக் காக்கா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"அவங்களும் கடைசி வரைக்கும் நம்பினாங்க."

முதல் பயிற்சி ஆரம்பித்தது. ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து விட வேண்டும். "என் மேலாளர் என்னைச் சுற்றி வருகிறார், எனக்குப் பயமில்லை" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மேலாளர் அவர்களைச் சுற்றி நடந்து வருவார். முத்துக்கருப்பனைக்கூட மரத்திலிருந்து இறக்கி உட்கார வைத்துவிட்டார்கள்.

முட்டை போட்டிருக்கிறவளுக்கு இரண்டு கண்ணையும் ஒரேயடியாக மூட வராது. தங்கபுஷ்பம் எவ்வளவோ முயற்சி பண்ணினாள். இடது கண் மட்டும் ஒரு கீற்றாகத் திறந்துகொண்டது. அந்தக் கீற்றில் மேலாளரின் கால்கள் நடப்பது தெரிந்தது. முத்துக்கருப்பனைத் தாண்டின. கோமளத்துக்குப் பின்னால் வந்து நின்றன. நின்றவை நகரவில்லை. கோமளம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

தங்கபுஷ்பத்துக்குக் கத்தல் தொண்டைவரை வந்தது. கூடவே கூழாங்கல் மேடும் வந்தது. நாலு முட்டையும் வந்தது. கத்தலை விழுங்கிவிட்டாள். இடது கண்ணையும் மூடிக்கொண்டாள். ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு எதையோ இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"கண்ணைத் திறக்கலாம்," என்றாள் மதுரவாணி.

"கோமளம் எங்க?" என்றான் முத்துக்கருப்பன்.

புதருக்குப் பின்னாலிருந்து வந்த சுந்தரவதனம் மீசையை நக்கிக்கொண்டார். "விருப்ப ஓய்வு. திடீர்னு முடிவெடுத்துட்டாங்க. ரொம்ப அமைதியாப் போனாங்க."

"கவனிச்சீங்களா?" என்று இறக்கையைத் தட்டினாள் மதுரவாணி. "ஒருத்தர்கூடக் கத்தல! இதுக்குப் பேர்தான் நம்பிக்கை!"

முத்துக்கருப்பன் மரத்தில் ஏறி, வழக்கமாக உட்காரும் கிளைக்கும் மேலே இரண்டு கிளை தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டான். தங்கபுஷ்பம் மேட்டுக்குப் போனாள். முட்டைமேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "பாவி, பாவி, ஒரு வார்த்தை கத்தியிருந்தா ஓடியிருப்பாளேடி" என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். குருவி எங்கேயாவது அழுமா என்று கேட்கிறவர்கள் தாராளமாக வேறு கதை படிக்கலாம்.

மறுநாள் சுந்தரவதனம் நல்ல மனநிலையில் இருந்தார். வயிறும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தது.

"மேலாளருக்கும் ஊழியருக்கும் நடுவுல இருக்கிற தூரம்தாம்மா நம்பிக்கைக்கு எதிரி," என்றார் தங்கபுஷ்பத்திடம். "அதனால நாளையிலேருந்து என் இருக்கை அந்தக் கூழாங்கல் மேட்டுலதான். நல்ல வெயில் விழுது, உருண்டு புரள வசதியா இருக்கும்."

"சார், அங்க முட்டை இருக்கு."

"தெரியும்மா. உன் பிள்ளைங்க என் பிள்ளைங்க மாதிரி. பார்த்துத்தான் புரளுவேன்."

அவர் தின்னக்கூட வேண்டாம். ஒரு தடவை புரண்டு படுத்தாலே போதும். குஞ்சு பொரிய இன்னும் இரண்டு மூன்று நாளாவது ஆகும். உள்ளேயிருந்து மெல்லத் தட்டுகிற சத்தம் அன்று காலைதான் கேட்க ஆரம்பித்திருந்தது. தங்கபுஷ்பம் மரத்தடிக்குப் போய் முத்துக்கருப்பனிடம் சொன்னாள்.

"மேல வந்துடுங்கக்கா. இங்க இடம் இருக்கு," என்றான் அவன்.

"முட்டை?"

அவன் வாலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அவனிடம் வேறு வழி என்ன இருக்கிறது?

தங்கபுஷ்பம் நேரே மாமரத்துக்குப் போனாள்.

"மேடம், ஒரு சந்தேகம். நம்பிக்கை ரெண்டு பக்கமும் இருக்கணுமா, ஒரு பக்கம் இருந்தாப் போதுமா?"

"என் அனுபவத்துல ஒரு பக்கமே தாராளம்," என்றாள் மதுரவாணி.

"இல்ல, ரெண்டாவது பக்கத்துக்கும் பயிற்சி வெச்சா ரெண்டாவது பொட்டலம் வாங்கிக்கலாமேன்னு பார்த்தேன்."

குயிலின் சிவந்த கண் இன்னும் கொஞ்சம் சிவந்தது. "உனக்கு இந்தத் துறையில நல்ல எதிர்காலம் இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு, அந்த நிமிஷமே மேலாளரைப் பார்க்கப் பறந்து போனாள்.

இரண்டாவது பயிற்சி மறுநாள் காலையிலேயே நடந்தது. மேட்டுக்கு இருக்கையை மாற்றுவதற்கு முன்னால் நடத்திவிடலாம் என்று குயில் பேசி முடித்திருந்தாள். மேலாளர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஓர் ஊழியரின் குரலை மட்டும் நம்பி நடக்க வேண்டும். சுந்தரவதனத்துக்கு முதலில் இஷ்டமில்லை. "சிங்கம் சார் காதுக்கு நான் கொண்டு போறேன். காட்டிலேயே கண்ணைக் கட்டிக்கிட்டு ஊழியரை நம்பின முதல் மேலாளர் நீங்கதான்," என்று குயில் சொன்னதும் மீசை நிமிர்ந்துவிட்டது. தேக்கிலையைக் கண்ணில் வைத்துக் கொடியால் கட்டினார்கள்.

"யார் குரல் சார்?" என்றாள் மதுரவாணி.

"தங்கபுஷ்பம்," என்றார் அவர், யோசிக்காமல்.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். "அன்னிக்கு நீ ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தே. எனக்குத் தெரியும். பார்த்தும் வாயைத் திறக்கல. இந்த ஆபீஸ்ல நம்பக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

இத்தனை வருஷ வேலையில் ஒரு மேலாளர் வாயால் பாராட்டு வாங்கியது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. "வாங்க சார், நேரா வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

அவள் பெரிதாக ஒன்றும் திட்டம் போட்டு வரவில்லை. மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய், வெயிலில் சுற்ற வைத்து, களைப்பில் அங்கேயே எங்காவது தூங்க வைத்துவிட்டால் இரண்டு நாளை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் மேலாளர் நடக்கிற நடையாகவா நடந்தார்! ஓர் அடி வைப்பார், மோப்பம் பிடிப்பார், நிற்பார். "இங்க மேடா பள்ளமா? நிஜமாத்தான் சொல்றியா?" என்று கேட்பார். கொஞ்ச தூரம் போனதும், "தண்ணி வாசனை குறையுதே. ஓடை அந்தப் பக்கம்தானே?" என்று மூக்கை மேட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்.

அப்போது அவள் யோசித்தெல்லாம் எதுவும் செய்யவில்லை. ஆட்காட்டிகளுக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. முட்டைப் பக்கம் எதிரி வந்தால், இறக்கை ஒடிந்துவிட்டதைப் போலத் தரையில் இழுத்துக்கொண்டு, முனகிக்கொண்டே எதிர்த் திசையில் ஓடும். அவள் அம்மாவும் செய்திருக்கிறாள், அம்மாவின் அம்மாவும் செய்திருக்கிறாள். தங்கபுஷ்பமும் பொத்தென்று விழுந்தாள்.

"ஐயோ சார், கல்லுல மோதி இறக்கை ஒடிஞ்சிடுச்சு! பறக்க முடியல சார்!"

மேலாளரின் காது இரண்டும் நிமிர்ந்தன.

"அடடா! எங்கம்மா இருக்கே?" குரலில் தேன் வழிந்தது. "அசையாத. நான் வந்து தூக்கி விடறேன்."

"இங்க சார்... இங்க..."

அதற்குப் பிறகு அவர் மோப்பம் பிடிக்கவில்லை. மேடா பள்ளமா என்று கேட்கவில்லை. நல்ல குரலில் கூப்பிட்டபோது ஓர் அடிக்கு ஒரு சந்தேகம் கேட்டவர், முனகலைக் கேட்டதும் துளிச் சந்தேகம் இல்லாமல் வந்தார். வாயோரம் எச்சில் ஒழுகியது. அவள் இறக்கையை இழுத்துக்கொண்டு ஓட ஓட, அவர் வேகமும் கூடியது. புல்வெளியைத் தாண்டினார்கள். கோமளம் நின்று வாடை பிடிக்கிற இடத்தைத் தாண்டினார்கள். ஆலமரம் வந்துவிட்டது.

ஆலமரத்தைத் தாண்டினால் குழி.

அங்கே இடது பக்கம் திரும்பிவிடலாம் என்றுதான் தங்கபுஷ்பம் நினைத்தாள். ஆனால் மேலாளர் இப்போது அவளுக்காகக் காத்திருக்கவில்லை, நேராகப் பாய்ச்சலில் வந்துகொண்டிருந்தார். யார் போனாலும் கத்திவிடுங்கள் என்று யானை சார் சொன்னது காதில் ஒலித்தது. வருஷக்கணக்கில் செய்து பழகிய வேலை. அலகு தானாகத் திறந்தது.

கோமளம் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தது ஞாபகம் வந்தது.

மேலாளர் போட்ட உத்தரவும் ஞாபகம் வந்தது. தங்கபுஷ்பம் அலகை மூடிக்கொண்டு, ஒடியாத இறக்கையை விரித்து மேலே பறந்தாள்.

சருகு முறிந்தது, கொடி அறுந்தது, பெரிய சத்தத்தோடு மேலாளர் உள்ளே போனார். தூசி அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"தங்கபுஷ்பம்! இங்க குழி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் கத்தல?"

"மேலாளர் சம்பந்தமா எந்தச் சூழ்நிலையிலயும் கத்தக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

குழிக்குள் மண்ணைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது.

"உன்னை நம்பினேனேம்மா!"

"கோமளமும் அப்படித்தான் சார் நம்பினா," என்று சொல்லிவிட்டு அவள் மேட்டுக்குத் திரும்பிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து மனிதர்கள் வந்து அவரைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது ஏதோ ஒரு நகரத்தில் மிருகக்காட்சிசாலையில் இருக்கிறாராம், பொதுமக்கள் தொடர்பு நன்றாகப் பார்க்கிறார் என்று கேள்வி. அதே நாளில்தான் நாலு முட்டையும் பொரிந்தன.

தலைமையகம் விசாரணை நடத்தியது. மதுரவாணி மேடம் இரண்டாவது பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பயிற்சி நூற்றுக்கு நூறு வெற்றி, மேலாளர் கடைசி அடி வரை ஊழியரை நம்பினார் என்று சாட்சி சொன்னாள். அவர் விருப்ப ஓய்வு பெற்றதாக முடிவாயிற்று. அப்படிப்பட்ட நேரத்திலும் உத்தரவை மீறாத ஊழியர் யார் என்று சிங்கம் கேட்டதாம். தங்கபுஷ்பத்தை மேலாளராக்கி உடனே உத்தரவு வந்துவிட்டது.

பதவி ஏற்கிற அன்று அவள் நாலு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கு நடந்து வந்தாள். முயல் மறுபடி ஒரு மாலையோடு நின்றது. அவள் மரத்தடிக்கு வந்ததும் உச்சிக் கிளையிலிருந்து கக்கிக் கக்கி ஓர் இருமல் கேட்டது. முயல் மாலையைப் போட்டுவிட்டு வளைக்குள் ஓடிவிட்டது. குஞ்சுகள் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டன.

தங்கபுஷ்பத்துக்கு முகம் வாடிவிட்டது.

"யாரைப் பார்த்துடா கத்துன?"

"உங்களைத்தாங்கக்கா," என்றான் முத்துக்கருப்பன். பிறகு, "மேடம்," என்றான்.

"நான் யாரு?"

"ஆட்காட்டி."

"அதுக்கு முன்னாடி?"

முத்துக்கருப்பன் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "மேலாளரைக் குழி வரைக்கும் கூட்டிட்டுப் போனவங்க. அதுக்கும் முன்னாடி, கோமளத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தவங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் ஒரு கண்ணைத் திறந்துதான் வெச்சிருந்தேன்."

இரண்டு பேரும் புல்வெளியைப் பார்த்தார்கள். வாடை பிடிக்க அங்கே யாரும் இல்லை. குஞ்சுகளில் ஒன்று தலையைத் தூக்கி, "அம்மா, இனிமே எழுந்திருக்கலாமா?" என்று கேட்டது. தங்கபுஷ்பம் கீழே கிடந்த மாலையை எடுத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். அது அவளுக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது, இரண்டு சுற்று சுற்ற வேண்டியிருந்தது.

"முத்துக்கருப்பா, மதுரவாணி மேடத்துக்குச் சொல்லி அனுப்பு. பயிற்சி வைக்கணும்."

"எந்தப் பயிற்சி மேடம்? ரெண்டு இருக்கே."

"முதல் பயிற்சி," என்றாள் தங்கபுஷ்பம். "ரெண்டாவதை இன்னியிலேருந்து ரத்து பண்ணிட்டேன்."

நீதி (அலுவலக உபயோகத்துக்கு மட்டும்): மேலாளரும் ஊழியரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும். கண்ணை மூடுகிற வேலையை மட்டும் எதிரில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.